பொருளறியாச் சொல்லதிகாரம்: பாங்காக் நகரில் ஸ்கிராபிள் செழித்த வரலாறு

பாயிரம்

பாங்காக் என்பது வெளியூர்க்காரர்கள் புழங்கும் பெயர். ஊர்க்காரர்கள் 'குருங் தேப்' என்பார்கள். அதுவும் கூப்பிடு பெயர்தான். முழுப்பெயர் 'குருங் தேப் மகா நகோன் அமோன் ரத்தனகோசின்' என்று தொடங்கி, வழியில் பல தேவர்களையும் மாணிக்கங்களையும் அரண்மனைகளையும் ஏற்றிக்கொண்டு, இந்திரன் அருளியது, விசுவகர்மன் கட்டியது என்று போய் முடிகிறது. ரோமன் எழுத்தில் எழுதினால் 168 எழுத்து. உலகின் மிக நீளமான ஊர்ப்பெயர் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது இது.

ஸ்கிராபிள் பையில் இருப்பவை 100 காய்கள். அவற்றிலும் இரண்டு வெற்றுக்காய். ஆகவே பாங்காக்வாசி ஒருவர் தம் ஊர்ப்பெயரைப் பலகையில் எழுத விரும்பினால் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் பை காய் வேண்டும். பலகையின் அகலம் 15 கட்டம் ஆதலால் பன்னிரண்டு வரி பிடிக்கும். அத்தனை சிரமப்பட்டு எழுதினாலும் செல்லாது. ஊர்ப்பெயர், ஆட்பெயர்களை ஆட்டவிதி ஏற்பதில்லை.

தன் பெயரையே எழுத முடியாத ஒரு ஆட்டத்தில், இந்த ஊர்க் களத்தில் தேறியவர்கள் 2003-இலும் 2009-இலும் உலகப் பட்டத்தைத் தூக்கிவந்தது எப்படி? இதுவே நம் நுவல்பொருள்.

ஆய்வு நெறி பற்றி ஒரு சொல். இவ்வாய்வு முழுவதும் சென்னையில் ஒரு மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தபடி செய்யப்பட்டது. இதைக் குறை என்று கருதுவோர், நம் பழைய உரையாசிரியர்கள் எத்தனை கடல்களையும் மலைகளையும் திண்ணையை விட்டு இறங்காமலே விளக்கினார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவும்.

ஆட்டம் இன்னதென்பது

1930-களின் பெருமந்தத்தில் வேலை போன நியூயார்க் கட்டடக்கலைஞர் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ். கையில் நேரம் நிறைய, காசு கம்மி. செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ண ஆரம்பித்தார். அந்த எண்ணிக்கைதான் பிறகு காய்களின் கணக்காயிற்று. ஈ எழுத்துக்கு 12 காய், கியூவுக்கும் இஸட்டுக்கும் ஒவ்வொன்று. தெருவெல்லாம் கிடைக்கிற எழுத்துக்கு 1 புள்ளி, அருகிக் கிடைப்பதற்கு 10. எஸ் மட்டும் நான்கோடு நிறுத்தப்பட்டது. தாராளமாக விட்டால் ஆளாளுக்குச் சொல்லின் வாலில் எஸ்ஸை ஒட்டிப் பன்மையாக்கியே பிழைத்துக்கொள்வார்கள் என்று பட்ஸ் அஞ்சினார். 1948-இல் ஜேம்ஸ் புருனோட் என்பவர் இதற்கு ஸ்கிராபிள் என்று பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

கண்டுபிடித்தவர் வேலையில்லாதவர் என்பதைக் குறித்துக்கொள்ளவும். நம் வாதத்துக்கு இது எவ்வகையிலும் உதவாது. ஆனால் உதவாத செய்தி ஒன்றிரண்டு இல்லாத ஆய்வை யாரும் ஆய்வென்று மதிப்பதில்லை.

ஆளுக்கு ஏழு காய். ஏழையும் ஒரே வீச்சில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல். அதற்குப் பிங்கோ என்று பெயர். எதிராளி வைத்த சொல்லில் ஐயம் வந்தால் 'சேலஞ்ச்' செய்யலாம். செல்லும், செல்லாது என்பதைத் தீர்ப்பது அகராதியின் பொருள் விளக்கம் அல்ல, வெறும் பட்டியல். உலகப் போட்டிகளுக்கான காலின்ஸ் பட்டியலில் ஏறத்தாழ 2,80,000 சொற்கள். அவற்றுள் ஈரெழுத்துச் சொற்கள் மட்டும் 120-க்கு மேல். இவ்வளவு அறிந்தால் போதும், பாங்காக்குக்குப் போகலாம்.

நகரின் நிலை

தாய்லாந்தில் இந்த ஆட்டத்தின் புழக்கப் பெயர் 'கிராஸ்வேர்ட் கேம்'. இதைப் பரப்பியவர் என்று ஆட்டக்காரர்கள் ஒருமுகமாகச் சுட்டுவது அம்னுவாய் புளோய்சங்ஙாம் என்பவரை. அவர் கைவைத்த இடம் பள்ளிக்கூடம். மற்ற நாடுகளில் ஸ்கிராபிள் என்பது ஓய்வுபெற்றவர்களும் குறுக்கெழுத்துப் பிரியர்களும் மழைநாளில் ஆடுவதாக இருந்தபோது, இங்கே அது சீருடை மாணவர்களின் ஆட்டமாயிற்று. பள்ளிக்கு ஒரு மன்றம், மன்றத்துக்கு ஒரு பயிற்சியாளர், மன்றங்களுக்கிடையே போட்டி.

உச்சியில் மன்னர் கோப்பை. பாங்காக்கின் பெரிய வணிக வளாகங்களில், துணிக்கடைக்கும் ஐஸ்கிரீம் கடைக்கும் நடுவே வரிசை வரிசையாக மேசை போட்டு நடக்கும் இந்தப் போட்டி உலகின் மிகப்பெரிய ஸ்கிராபிள் போட்டிகளில் ஒன்று. பல ஆண்டுகள் இதற்குப் புரவலராக இருந்தது, பிராண்ட்ஸ் என்ற பெயரில் குப்பியில் வரும் கோழிச்சாறு. ஆகவே அப்போது முழுப்பெயர் 'பிராண்ட்ஸ் கிராஸ்வேர்ட் கேம் கிங்ஸ் கப்'. மன்னர், கோழி, சொல் மூன்றையும் ஒரே பெயரில் அடக்கிய போட்டி வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

2003-இல் கோலாலம்பூரில் நடந்த உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் உட்கார்ந்த இருவருமே தாய்லாந்துக்காரர்கள். 19 வயதுப் பானுபோல் சுஜ்ஜயகோர்ன் வென்றார். தோற்றவர் பகோர்ன் நெமித்மான்சுக். அவர் 2005-இல் லண்டனிலும் இறுதிவரை போய்த் தோற்றார். விடவில்லை, 2009-இல் ஜோகூர் பாருவில் வாகை சூடினார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகள் சில இன்னும் முதல் கோப்பைக்குக் காத்துக்கொண்டிருக்கின்றன. தாய்லாந்தோ, ஆங்கிலத் திறன் பட்டியல்களில் வழக்கமாகக் கடைசி வாங்குகளில் உட்காரும் நாடு. முன்னணி ஆட்டக்காரர்களிலேயே சிலருக்கு ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசுவது கடினம் என்று செய்தியாளர்கள் வியந்து வியந்து எழுதியிருக்கிறார்கள். அவர்களின் வியப்பே நம் ஆய்வுக்கு வாசல்.

முன்னோர் கொள்கைகளும் அவற்றின் மறுப்பும்

முதலாவது, கோழிக் கொள்கை. பிராண்ட்ஸ் சாறு 1835 முதல் விற்பனையில் இருப்பதாகத் தன்னைச் சொல்லிக்கொள்வது. தாய்லாந்தில் தேர்வுக் காலம் வந்தால் பெற்றோர் இதைப் பெட்டி பெட்டியாக வாங்குகிறார்கள். மூளைக்கு நல்லதாம். வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும் என்று நம்பி வளர்ந்த தமிழ் ஆய்வாளனுக்கு இதை எள்ளி நகையாடும் தகுதி கிடையாது. இருந்தாலும் ஒரு தடை: அதே சாறு தைவானிலும் சிங்கப்பூரிலும் குடம் குடமாக ஓடுகிறது. அங்கெல்லாம் உலக ஸ்கிராபிள் பட்டம் போய்ச் சேரவில்லை. கோழி குற்றமற்றது, கொள்கை தள்ளப்படுகிறது.

இரண்டாவது, குளிர்பதனக் கொள்கை. வெளியே கொளுத்தும் வெயில், வளாகத்துக்குள் காசில்லாத குளிர். உள்ளே நுழைந்தவன் வெளியே வர மனமில்லாமல் ஏதாவது ஆடிக்கொண்டிருப்பான் என்பது. சென்னையில் வெயிலும் உண்டு, வளாகமும் உண்டு, மனமில்லாமையும் உண்டு. கோப்பைதான் இல்லை.

மூன்றாவது கொஞ்சம் யோசிக்க வைப்பது. ஸ்கிராபிளில் பேர்பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளை எடுத்தால் இந்தியா, இலங்கை, மலேசியா, நைஜீரியா என்று எல்லாமே வெள்ளைக்காரன் ஆண்டவை. தாய்லாந்தை எந்த ஐரோப்பியரும் ஆண்டதில்லை. ஆண்டவன் மொழியைக் கற்றவனுக்கு அதன்மேல் ஒரு பயபக்தி ஒட்டிக்கொள்கிறது. இலக்கணம் பிசகுமோ, உச்சரிப்பு சறுக்குமோ, கான்வென்ட் படித்தவன் சிரிப்பானோ என்ற நடுக்கம். பாங்காக் மாணவனுக்கு அந்த வில்லங்கம் இல்லை. ஆங்கிலம் அவனுக்கு 100 மரக்கட்டையும் ஒரு பட்டியலும். இக்கொள்கையை நாம் முழுதாகத் தள்ளவில்லை. பாதியை ஓரமாக எடுத்து வைத்துக்கொள்கிறோம்.

நான்காவது, இடைவெளியின்மைக் கொள்கை. தாய் மொழியில் எழுதும்போது சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடுவதில்லை. வாக்கியம் முழுக்க ஒரே சரடு. எது எங்கே முறிகிறது என்பதைக் கண்ணே தேடிக்கொள்ள வேண்டும். குவிந்துகிடக்கும் எழுத்துக் குப்பையில் சொல்லைப் பொறுக்குகிற பயிற்சி ஒவ்வொரு நாளிதழிலும் இலவசமாகக் கிடைக்கிறது என்று பொருள். அப்படியானால் நம் ஓலைச்சுவடிகளும் அப்படித்தானே! இடைவெளி இல்லை, புள்ளியும் இல்லை. அந்த வரிகளிலிருந்து சீவகசிந்தாமணியைப் பிரித்தெடுத்து 1887-இல் அச்சேற்றிய உ.வே.சாமிநாதையரை ஒரு பலகையின் முன் உட்கார வைத்திருந்தால் முதல் கையிலேயே பிங்கோ விழுந்திருக்கும். தாய் எழுத்து, கெமர் எழுத்து வழியாகப் பல்லவர் எழுத்திலிருந்து பிறந்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்த ஆய்வும் மூன்றாம் பக்கத்துக்குள் தமிழரிடம் வந்து சேர வேண்டும் என்ற மரபை நாம் காப்பாற்றிவிட்டோம். இனி நிம்மதியாக மேலே செல்லலாம்.

எஸ் எழுத்துக்கு ஒரு பத்தி தனியாகக் கொடுத்தாக வேண்டும். தாய் மொழிப் பெயர்ச்சொற்களுக்குப் பன்மை விகுதி கிடையாது. ஒரு யானையும் யானை, ஒன்பது யானையும் யானை. அதோடு அம்மொழியில் சொல்லின் கடைசியில் ஸகர ஒலி நிற்காது, தகரமாகிவிடும். டென்னிஸ் 'தென்னித்' ஆகும், ஆபீஸ் 'ஒப்ஃபித்' ஆகும். ('இஸ்கூல்' போய்வந்த நாம் சிரிப்பதற்கில்லை.) ஆக, பன்மையே அறியாத, எஸ்ஸைச் சொல்லின் இறுதியில் உச்சரிக்கவே வராத ஒரு நாவு. அதற்குச் சொந்தக்காரனின் கையோ, இருக்கும் நாலு எஸ்ஸில் ஒன்றைக் கடைசிவரை பதுக்கி வைத்து, சொல்லின் புள்ளியை மும்மடங்காக்கும் சிவப்புக் கட்டத்தைத் தொட்டுக்கொண்டு இறக்குகிறது. ஆங்கிலேயன் எஸ்ஸைப் பன்மைக்குச் செலவழிக்கிறான். தாய்லாந்துக்காரன் முதலீடு செய்கிறான். நாவுக்கும் கைக்கும் தொடர்பில்லை என்பது இதனால் நிறுவப்படுகிறது. இந்த முடிவு அடுத்த பகுதிக்குத் தேவைப்படும்.

நம் கோட்பாடு

சொல்லெல்லாம் பொருளைக் குறித்தே நிற்கும் என்பது தொல்காப்பியர் கட்சி. அவருக்குக் காலின்ஸ் பட்டியல் கிடைத்திருக்கவில்லை. கிடைத்திருந்தால் சொல்லதிகாரத்தின் கடைசியில் புறனடையாக இப்படியொன்று சேர்த்திருப்பார் என்று துணிந்து, அவர் சார்பில் நாமே யாத்துத் தருகிறோம்:

செல்லும் என்ற சொல்லே சொல்லாம்;
பொருளது வினவல் புள்ளிக்கு இழுக்கே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோவெனின், ஆடுகளத்துச் சொல்லாவது இன்னதென்பது உணர்த்துதல் நுதலிற்று. 'செல்லும் என்ற' என்றதனால் பட்டியலில் உள்ளதே கொள்ளப்படும். தாத்தா சொன்னது, பத்திரிகையில் பார்த்தது, அமெரிக்காவிலிருக்கும் மைத்துனன் பேசுவது முதலியன விலக்கப்படும். 'வினவல்' என்றதனால் எதிராளியிடம் கேட்டலும் தன் மனத்துள் கேட்டலும் இரண்டும் அடங்கும். 'இழுக்கு' என்றது நேர இழப்பை. ஆளுக்கு 25 நிமிடம்தான் கடிகாரத்தில் உண்டு. அதைத் தாண்டினால் நிமிடத்துக்கு 10 புள்ளி கழியும்.

அஃதாமாறு காட்டுவாம். ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி என்ற ஏழு காய்கள் ஒருவர் கைக்கு வருகின்றன. ஆங்கிலத்தில் ஊறியவர் 'ரீட்டெய்ன்ஸ்' என்று கண்டு மகிழ்ந்து, அதை வைக்க இடம் தேடி, இடம் இல்லாமல் வாடுவார். அவர் மனம் அந்தச் சொல்லின் பொருளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. பட்டியலில் ஊறியவருக்கோ எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கிய உடனே 'நாஸ்டியர்', 'ரெட்டினாஸ்', 'ஸ்டெய்னர்', 'ரீட்டெய்ன்ஸ்' எல்லாம் ஒரே கொத்தாக வந்து விழும். விழித்திரை, கறை, கெட்ட குணம் என்று அவை தொடர்பில்லாத பொருள்களைக் குறிப்பது அவருக்கு இடைஞ்சல் செய்வதில்லை. எந்தச் சொல் எந்த இடத்தில் ஒட்டும் என்பது ஒன்றே கேள்வி.

சரி, பொருளைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்லை மட்டும் பிசகாமல் நெஞ்சில் ஏற்றும் இந்தக் கலை பாங்காக்குக்கு எப்படி வந்தது? நேற்று வந்ததல்ல என்பதே நம் துணிபு. மூன்று சான்றுகள்.

மேலே சொன்ன 168 எழுத்து ஊர்ப்பெயரை அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். பெயரோ பாலியும் சமஸ்கிருதமும் கலந்த பழஞ்சொற்களின் அணிவகுப்பு. 1989-இல் அசனீ, வசன் என்ற ராக் இசைச் சகோதரர்கள் அந்தப் பெயரையே எடுத்துத் திரும்பத் திரும்பப் பாடி ஒரு பாட்டாக்கிவிட்டார்கள். பிறகு ஊரே அந்த மெட்டில்தான் ஊர்ப்பெயரை நினைவு வைத்திருக்கிறது. சொல்லச் சொன்னால் மூச்சுவிடாமல் சொல்வார்கள். பதவுரை கேட்டால் அடுத்த வேலை இருக்கிறது என்பார்கள். இது முதல் சான்று.

இரண்டாவது, பௌத்த விகாரைகளில் குடும்பஸ்தர்கள் அன்றாடம் ஓதும் பாலிச் சூத்திரங்கள். இதை விரிக்க வேண்டியதில்லை. சமஸ்கிருத மந்திரத்துக்குத் தலையாட்டிக் கல்யாணம் செய்துகொண்ட எவருக்கும் புரியும்.

மூன்றாவதுதான் நம்மைத் தூங்கவிடாதது. பாங்காக்கின் பழைய பகுதியில் 'தேவசதான்' என்ற பிராமணர் கோயில் இருக்கிறது. அரசவைப் பிராமணர்கள் மார்கழியை ஒட்டி அங்கே 'திரியம்பாவாய்' என்ற விழா எடுக்கிறார்கள். அதில் ஓதப்படுவது மாணிக்கவாசகரின் திருவெம்பாவை. ஓதுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. தலைமுறை தலைமுறையாகத் தாய் நாவில் உருண்டு தேய்ந்த ஓசையில், கேட்கிற தமிழனுக்கும் சட்டென்று பிடிபடாத வடிவில், அது நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் இதை எழுதியபோது தமிழுலகம் நெகிழ்ந்தது. நாமும் நெகிழ்ந்தோம். ஆனால் நெகிழ்ச்சி அடங்கிய பின் ஆய்வுக் கண்ணோடு பார்த்தால் தெரிவது வேறு: பொருள் ஒரு துளி இல்லாமலே ஒரு பிறமொழிப் பனுவலை நூற்றாண்டுக் கணக்கில் காக்க முடியும் என்பதை இந்த ஊர் ஏற்கெனவே செய்து காட்டிவிட்டது. அதன் பிறகு 120 ஈரெழுத்துச் சொற்கள் எம்மாத்திரம்?

அக்கோயிலுக்கு எதிரே நெடிதுயர்ந்த சிவப்பு ஊஞ்சல் ஒன்று நிற்கிறது. மன்னர் முதலாம் ராமர் காலத்தில் 1784-இல் எழுந்தது. இதே விழாவில் ஆட்கள் அதில் ஏறி வானளாவ ஆடி, கம்பத்தின் உச்சியில் தொங்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்கள். உயிர்ச்சேதம் மிகுந்ததால் 1935-இல் ஆட்டம் நிறுத்தப்பட்டது. பட்ஸ் எழுத்து எண்ணிக்கொண்டிருந்ததும் அந்தப் பத்தாண்டில்தான் என்பதை நினைவூட்டுகிறோம். போட்டி ஸ்கிராபிளில் காய் எடுக்கும்போது பையைக் கண்மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பது விதி. தலைக்கு மேலே தொங்கும் பை, அதிலிருந்து அதிர்ஷ்டம் பறித்தல், அதே நகரம். தொடர்ச்சி கண்கூடு. பல்லுக்குப் பதில் கை வந்தது காலத்தின் கோலம்.

களத்தில் நிகழ்வது

பையைப் பற்றிப் பேச்செடுத்ததால் அதை முடித்துவிடுவோம். காய் எடுக்குமுன் உள்ளங்கையை விரித்து, அதில் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை என்று காட்ட வேண்டும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கைவிட வேண்டும். பழைய மரக்காய்களில் எழுத்து குழிந்திருக்கும். விரல் நுனியால் தடவியே வெற்றுக்காயைக் கண்டுபிடிக்கும் வித்தகர்கள் இருந்தார்கள். அதனால் இப்போது போட்டிக் காய்கள் வழவழப்பாக, தடவினால் எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. வெற்றுக்காய்க்குப் புள்ளி பூஜ்யம். ஆனால் எந்த எழுத்தாகவும் வேடம் போடும் என்பதால் கையில் அது வந்தால் 30 புள்ளி பெறுமானம் என்பது ஆட்டக்காரர் கணக்கு. ஒன்றுமில்லாததற்குத்தான் மதிப்பு அதிகம் என்ற இடத்தில் பௌத்தம் பேசலாம். ஆனால் கட்டுரை நீண்டுவிடும்.

மேசைமேல் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு தாள். 100 எழுத்தும் அச்சடித்திருக்கும். பலகையில் விழ விழ ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார்கள். பை காலியானதும், தன் கைக்காய்களைக் கழித்துவிட்டால், அடிபடாமல் எஞ்சியிருப்பவை எதிராளியின் கைக்காய்கள். அந்த நிமிடத்திலிருந்து இருவரும் ஒருவர் கையை மற்றவர் திறந்த புத்தகமாகப் படித்துக்கொண்டு, முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியாதவர்போல உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணப் பேச்சுவார்த்தையின் கடைசி அரைமணி நேரத்தை அருகிருந்து பார்த்தவர்களுக்கு இந்த முகங்கள் புதிதல்ல.

பேச்சு? இல்லை. வைத்த சொல்லின் புள்ளியைச் சொல்ல எண்கள் வேண்டும். 'சேலஞ்ச்' என்ற ஒரு சொல் வேண்டும். காய் மாற்ற 'சேஞ்ச்' வேண்டும். உலகின் உச்ச ஆங்கிலச் சொல்லாட்டத்தை ஆடி முடிக்கத் தேவையான பேச்சு ஆங்கிலம் இவ்வளவே. ஆட்டோவில் ஏறி மயிலாப்பூர் போவதற்கு இதைவிட அதிகம் தேவைப்படும்.

அற்றேல், சென்னையில் ஏன் இல்லை எனின்

மனப்பாடத்தில் நாம் சளைத்தவர்களா? 1330 குறளையும் ஒப்பிக்கும் ஆறு வயதுக் குழந்தைகள் நம்மிடம் உண்டு. இருந்தும் நம்மவர் பலகை முன் தடுமாறுவது ஏன் என்பதற்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சான்றாக வைக்கிறோம். ஆட்டத்தில் இருந்தவர்கள் பெரியப்பாவும் அண்ணன் மகன் ஒருவனும். பையன் இஸட், ஏ என்று இரண்டு காயை வைத்தான்.

"என்னடா இது?"

"சொல்லு, தாத்தா. லிஸ்ட்ல இருக்கு."

"அர்த்தம்?"

"பீட்சாவோட சுருக்கமாம்."

"பீட்சாவுக்கு என்னடா சுருக்கம்? தோசையைச் 'சை'ன்னு எழுதினா ஒத்துப்பியா நீ?"

ஆட்டம் அதோடு நின்றது. பெரியப்பா தோற்கவில்லை, பையனும் வெல்லவில்லை. அத்தை வந்து காபி கொடுத்துக் காய்களை அள்ளிப் பையில் போட்டார். பொருள் கேட்கும் குணம் தமிழன் இரத்தத்தில் ஊறியது. எந்த உபதேசத்தையும் 'அப்படின்னா?' என்று நிறுத்துவான். சங்கப் பலகையே அந்தக் கேள்விக்குப் பயந்துதான் புலவர்களை ஆராய்ந்து ஏற்றியது என்பார்கள். இது தத்துவத்துக்கு நல்லது, மும்மடங்குக் கட்டத்துக்குக் கேடு.

பெரியப்பாவுக்கு ஆறுதலாக ஒன்று சொல்லலாம். இட்லி, தோசை இரண்டும் காலின்ஸ் பட்டியலில் செல்லுபடியாகும் சொற்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் சரியாக 5 புள்ளி. தமிழ்நாட்டில் காலை வேளைகளில் தீராமல் நடந்துவரும் ஒரு வழக்கை, அதைக் கேள்விப்பட்டே இராத நியூயார்க் கட்டடக்கலைஞர் சமமாகத் தீர்த்து வைத்துவிட்டார். பாங்காக் மாணவன் இட்லியை வைத்துவிட்டு 5 எடுத்துக்கொண்டு அடுத்த காய்க்குப் போய்விடுகிறான். வெந்ததா, வேகாததா என்பது அவன் தலைவலி அல்ல.

புறச்சான்று

நம் கோட்பாட்டுக்கு மிகச் சிறந்த சான்று, தாய்லாந்துக்காரரே அல்லாத ஒருவர். நைஜல் ரிச்சர்ட்ஸ் நியூசிலாந்தில் பிறந்தவர், கோலாலம்பூரில் குடியிருப்பவர், உலகப் பட்டத்தைப் பலமுறை வென்றவர். பாங்காக்கின் மன்னர் கோப்பையைப் பத்து முறைக்கு மேல் தூக்கிப் போனவர். ஆங்கிலம் தாய்மொழி என்பதால் இவரைப் பொருளறிந்தோர் பக்கம் சேர்க்க வேண்டுமே என்று நாம் கவலைப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், 2015-இல் அவர் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிளின் உலகப் பட்டத்தை வென்றார். பிரெஞ்சு பேச வராது. சில வாரங்கள் பட்டியலைப் படித்தார், போனார், வென்றார். 2024-இல் ஸ்பெயினின் கிரனாடாவில் ஸ்பானிய மொழிப் பட்டத்தையும் அதே முறையில் எடுத்தார். தேவசதான் கோயிலில் அவரை அமர்த்தினால் மார்கழிக்குள் திருவெம்பாவை தயாராகிவிடும்.

எதிர்ச்சான்று ஒன்றும் உண்டு, மறைக்கவில்லை. 2007-இல் மும்பையில் நடந்த உலகப் போட்டியில் இறுதியாட்டம் வரை வந்தவர் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம். பெயரே ஊரைச் சொல்லும். தொழில், ஆங்கில ஆசிரியர். பொருளறிந்தவரும் உயரத்துக்கு வரலாம் என்பதற்கு இவரைக் காட்டுவார்கள். காட்டட்டும். இறுதியாட்டத்தில் வென்றவர் நைஜல் ரிச்சர்ட்ஸ். அந்த நைஜலை 2009 இறுதியாட்டத்தில் வீழ்த்தியவர் பகோர்ன். கோடு எங்கே போய் நிற்கிறது என்பதைப் படிப்பவரே கண்டுகொள்ளலாம்.

எஞ்சிய ஒன்று

தாய்லாந்தில் 'ஏ-மாத்' என்று இன்னொரு பலகையாட்டம் உண்டு. அந்நாட்டிலேயே உருவானது. கிராஸ்வேர்ட் கேம் ஆடும் அதே பள்ளிகளில், அதே மாதிரிப் பலகையில், அதே மாதிரிப் பையோடு ஆடுகிறார்கள். கைக்கு எட்டுக் காய். எழுத்துக்குப் பதில் எண்களும், கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் குறிகளும், சமக்குறியும். ஒவ்வொரு தடவையும் சரியான ஒரு சமன்பாட்டை இறக்க வேண்டும். எட்டையும் இறக்கினால் 40 புள்ளி கூடுதல்.

இதற்குப் பட்டியல் கிடையாது. ஏழும் ஐந்தும் பதின்மூன்று என்று எவ்வளவு நம்பிக்கையோடு வைத்தாலும், எத்தனை தலைமுறை ஓதி வந்திருந்தாலும் செல்லாது. வைக்கிறவனுக்கு ஒவ்வொரு காயின் பொருளும் தெரிந்தே ஆக வேண்டும். எதிராளி 'அப்படின்னா?' என்று கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டும். இதையும் பாங்காக் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஆடுகிறார்கள், அபாரமாக ஆடுகிறார்கள் என்பது உண்மை. இவ்வுண்மை மேற்கண்ட கோட்பாட்டோடு எவ்விடத்திலும் பொருந்தாததால், ஏ-மாத் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று அறிவிக்கப்படுகிறது.